ரப்பர் காட்டுக்குள் போன தூதர்

என் பாட்டி இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். ஒட்டுப்பாலின் வாடை கையை விட்டுப் போகவே இல்லை என்று இன்றும் சொல்வார். எங்கள் வீட்டில் ரப்பர் என்றால் லயத்து வீடு, விடியற்காலைக் குளிர், மங்கில் நிறையும் பால், மழை வந்தால் போய்விடும் அன்றைய சம்பளம். அதற்கு அப்பால் ரப்பருக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த செமஸ்டரில் பிரிட்டிஷ் தூதர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. விரிவுரையாளர் கொடுத்த பட்டியலில் ரோஜர் கேஸ்மென்ட் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'ரப்பர் அறிக்கைகள்' என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. ஐந்தே ஆண்டுகளில் அதே அரசாங்கம் அவரைத் தூக்கிலும் போட்டது. இந்த இரண்டும் எப்படி ஒரே மனிதனுக்கு நடந்தன என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

கேஸ்மென்ட் 1864 செப்டம்பர் 1ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளினுக்கு அருகே சாண்டிகோவ் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். அப்போது அயர்லாந்து முழுவதும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அப்பா பிரிட்டிஷ் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர், புராட்டஸ்டண்ட். அம்மா பிள்ளைகளை யாருக்கும் தெரியாமல் கத்தோலிக்கத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் செய்வித்தார். ஒன்பது வயதில் அம்மா போனார். பதின்மூன்று வயது ஆவதற்குள் அப்பாவும் போனார். வடக்கே ஆன்ட்ரிம் மாவட்டத்தில் இருந்த உறவினர்களின் கையில் வளர்ந்தார். பல்கலைக்கழகப் படிப்புக்குப் பணம் இல்லை. பதினாறு வயதில் லிவர்பூலில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் நிறுவனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஓட்டிய நிறுவனம் அது. நாற்காலி வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1883இல் அந்த நிறுவனத்தின் கப்பலிலேயே கணக்கராக ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். அடுத்த இருபது ஆண்டுகளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார்.

அவர் முதலில் வேலை பார்த்ததே காங்கோவில்தான். பெல்ஜியத்தின் மன்னர் இரண்டாம் லியோபோல்ட் அந்தப் பெரும் நிலப்பரப்பைத் தன் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1885இல் அது காங்கோ சுதந்திர நாடு என்று பெயர் பெற்றது. பெயரில்தான் சுதந்திரம். பெல்ஜியத்தைப் போல் எழுபது மடங்குக்கும் மேற்பட்ட நிலம் ஒரு தனி மனிதனுக்குச் சொந்தமாயிற்று. நாகரிகத்தைக் கொண்டுவரும் திட்டம் என்று மன்னர் உலகத்தை நம்பவைத்திருந்தார். இளைஞரான கேஸ்மென்ட்டும் நம்பினார். இதை நான் மறைக்க விரும்பவில்லை. பின்னாளில் அவர் தோலுரித்துக் காட்டிய அந்த அமைப்புக்கு ஆரம்பத்தில் பாதை போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1890இல் மட்டாடி என்ற துறைமுகத்தில் கப்பல் வேலை தேடி வந்திருந்த போலந்துக்காரர் ஒருவருடன் சில வாரங்கள் ஒரே அறையில் தங்கினார். அந்தப் போலந்துக்காரர் பின்னாளில் 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்' எழுதிய ஜோசப் கான்ராட். ஆங்கில இலக்கியம் படிக்கும் நண்பர்களுக்கு இந்தத் தகவலைச் சொன்னால் கண்கள் விரியும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

1892இல் பிரிட்டிஷ் அரசாங்க வேலை கிடைத்தது. 1895இல் போர்த்துகீசியர் ஆண்ட லொரென்சோ மார்க்கேஸ் நகரில், அதாவது இன்றைய மபூட்டோவில், கான்சல் ஆனார். தூதர் என்றவுடன் நம் மனத்தில் தோன்றும் மாளிகை, விருந்து, கைகுலுக்கல் எல்லாம் கான்சலுக்குக் கிடையாது. வணிகர்களின் பத்திரங்களுக்கு முத்திரை குத்துவது, குடித்துவிட்டுச் சண்டை போட்ட மாலுமியைச் சிறையிலிருந்து மீட்பது, ஆண்டுக்கு ஒருமுறை வணிக அறிக்கை எழுதுவது: இவைதாம் அவருடைய வேலை. ஆனால், அறிக்கை எழுதும் அந்தப் பழக்கம்தான் கேஸ்மென்ட்டின் கையில் ஆயுதமாக மாறியது.

இடையில் ரப்பரின் கதை ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அவர் வாழ்ந்தது பெல்ஃபாஸ்ட் நகரம். கேஸ்மென்ட் வளர்ந்த ஆன்ட்ரிம் பக்கம்தான். சைக்கிளும் பிறகு காரும் பெருகப் பெருக, உலகம் ரப்பருக்குப் பறந்தது. நம் ஊரில் மரங்கள் இன்னும் பால் தரத் தொடங்கவில்லை. காங்கோ காடுகளில் ரப்பர் மரத்தில் அல்ல, கொடியில் இருந்தது. அந்தக் கொடியைத் தேடி மக்கள் நாள்கணக்கில் காட்டுக்குள் போக வேண்டும். யார் விரும்பிப் போவார்கள்? அதனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் இத்தனை கூடை என்று கட்டாயம் வைத்தார்கள். ஆண்கள் ரப்பரோடு திரும்பும்வரை மனைவிமாரைப் பிணையாகப் பிடித்து வைத்தார்கள். அளவு குறைந்தால் சவுக்கடி, துப்பாக்கிச் சூடு. சிப்பாய்கள் தோட்டாவை வேட்டையில் வீணாக்கவில்லை என்று காட்டுவதற்கு, சுட்டவரின் வலது கையை வெட்டிக்கொண்டு வந்து கணக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. தோட்டாவை வேறெதற்காவது செலவழித்துவிட்டால், உயிரோடு இருப்பவரின் கையை வெட்டினார்கள்.

இந்தச் செய்திகள் மதபோதகர்கள் வழியாகக் கசிந்துகொண்டிருந்தன. பிரிட்டனில் இ. டி. மொரெல் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதிவந்தார். அவரும் முன்பு எல்டர் டெம்ப்ஸ்டர் நிறுவனத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்தான். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிப் போகும் கப்பல்களில் வணிகச் சரக்குகள் இல்லை, துப்பாக்கிகளும் தோட்டாக்களும்தான் இருந்தன. விலை கொடுக்காமல் ஒரு நாட்டிலிருந்து சரக்கு வருகிறது என்றால் அங்கே அடிமைத்தனம் நடக்கிறது என்று கணக்கேட்டைப் பார்த்தே அவர் கண்டுபிடித்தார். கணக்கியல் படிக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்கலாம்.

1903 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுச் சபை காங்கோ நிலைமை குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது காங்கோவில் கான்சலாக இருந்த கேஸ்மென்ட்டை உள்நாட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதச் சொன்னார்கள். அவர் செய்த முதல் காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காங்கோ அரசின் படகில் போனால் அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று, அமெரிக்க மதபோதகர்களிடமிருந்து ஒரு சிறு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்தார். மூன்று மாதங்களுக்கு மேல் மேல்காங்கோவின் ஆற்றங்கரைகளில் கிராமம் கிராமமாக இறங்கினார். பல இடங்களை அவர் 1880களிலேயே பார்த்திருந்தார். அதனால் எது குறைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பொலோபோ என்ற ஊரில் முன்பு 40,000 பேர் இருந்தார்கள் என்றும், இப்போது 7,000 அல்லது 8,000 பேர்தான் என்றும் குறித்தார். கை இழந்த சிறுவர்களைப் பார்த்தார். ஓடி ஒளிந்தவர்களை உட்காரவைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் அவர்களின் பெயர், ஊர், நடந்தது என்ன என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

ஏறத்தாழ 40 பக்கங்கள் கொண்ட அந்த அறிக்கை 1904 பிப்ரவரியில் வெளியானது. ஆனால், வெளியுறவு அமைச்சு அவரைக் கேட்காமல் சாட்சிகளின் பெயர்களையும் குற்றவாளிகளின் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் எடுத்துவிட்டு எழுத்துக் குறியீடுகளைப் போட்டிருந்தது. ஒருவரின் கையை இன்னொருவர் வெட்டிய செய்தி இயற்கணிதப் பாடம் போல ஆகிவிட்டது. கேஸ்மென்ட் கடும் கோபம் கொண்டார். சாட்சிகளைக் காப்பாற்றத்தானே என்று முதலில் நான் அமைச்சின் பக்கம் நினைத்தேன். அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்த்த பிறகு அவருடைய கோபம் புரிந்தது. பெயரில்லாத துயரம் படிப்பவர் மனத்தில் ஒட்டுவதில்லை.

அதற்கு முன், 1903 டிசம்பரில், அவர் மொரெலைச் சந்தித்திருந்தார். இரண்டு பழைய குமாஸ்தாக்களும் சேர்ந்து திட்டமிட்டதன் பலனாக 1904இல் காங்கோ சீர்திருத்தச் சங்கம் உருவானது. அரசாங்க ஊழியர் என்பதால் கேஸ்மென்ட் வெளியே தெரிய முடியாது. தம் பணத்திலிருந்து 100 பவுன் கொடுத்தார். லியோபோல்ட் மன்னர் அறிக்கையைப் பொய்யாக்குவதற்கென்று தாமே மூன்று நீதிபதிகளைக் கொண்ட ஆணையத்தை அனுப்பினார். அவர்கள் 1905இல் கொடுத்த முடிவும் பெரும்பாலும் கேஸ்மென்ட் எழுதியதையே உறுதிப்படுத்தியது. 1908இல் காங்கோ மன்னரின் கையைவிட்டு பெல்ஜியம் நாட்டின் ஆட்சிக்குப் போனது. கொடுமை அன்றோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால், ஒரு மன்னரின் தனிச் சொத்தாக ஒரு நாடு இருந்த நிலை முடிந்தது.

அதன்பின் கேஸ்மென்ட்டைப் பிரேசிலுக்கு மாற்றினார்கள். சான்டோஸ், பாரா, ரியோ என்று மூன்று ஊர்கள். ஆப்பிரிக்கா பழகிய அவருக்கு இந்தப் பணிகள் கசந்தன. 1910இல் மறுபடி ரப்பர் அவரைத் தேடி வந்தது.

அமேசானின் கிளை நதியான புட்டுமாயோவின் கரையில், ஹூலியோ சேசார் அரானா என்ற பெரு நாட்டு வணிகரின் நிறுவனம் பழங்குடி மக்களை வைத்து ரப்பர் எடுத்துக்கொண்டிருந்தது. அங்கு நடக்கும் கொடுமைகளை வால்டர் ஹார்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1909இல் லண்டன் வார இதழ் ஒன்றில் அம்பலப்படுத்தினார். தென்னமெரிக்கக் காட்டில் நடப்பதற்கும் பிரிட்டனுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு சம்பந்தங்கள் இருந்தன. நிறுவனம் லண்டனில் பதிவு செய்யப்பட்டிருந்தது. மேலும், அங்கு மேற்பார்வையாளர்களாக வேலை செய்ய பார்படோஸ் தீவிலிருந்து கறுப்பினத்தவர்கள் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். தம் பிரஜைகளின் நலம் விசாரிப்பது கான்சலின் கடமை. அந்தச் சிறு கதவு வழியாகத்தான் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே கேஸ்மென்ட்டை உள்ளே அனுப்பினார்.

1910 செப்டம்பரில் அவர் லா சோரெரா என்ற நிலையத்தை அடைந்தார். பார்படோஸ்காரர்களை ஒருவர் பின் ஒருவராக விசாரித்தார். இது சிக்கலான வேலை. அவர்களும் அடிபட்டவர்கள், மேலிடத்து உத்தரவுக்குப் பயந்து பழங்குடியினரை அடித்தவர்களும் அவர்களே. தாங்கள் செய்த குற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்கள். கட்டைத் தொழுவில் கால்களை மாட்டிப் பட்டினி போட்டதையும், சவுக்கால் அடித்துச் சதை கிழித்ததையும், குடும்பம் குடும்பமாகக் கொன்றதையும் சொன்னார்கள். திரும்பும்போது அவர்களில் பலரைத் தம்மோடு அழைத்துவந்து, பெரு அதிகாரிகளிடம் சிக்காமல் பிரேசில் பக்கம் இறங்க வழி செய்தார். சாட்சி சொன்னவர்களை அப்படியே விட்டுவிட்டு அவர் கப்பல் ஏறவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளில் சில ஆயிரம் டன் ரப்பருக்காக ஏறத்தாழ 30,000 பழங்குடியினர் மாண்டிருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. 1911இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1912இல் அறிக்கை வெளியானதும் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது, நிறுவனம் கலைந்தது. அரானாவுக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. பின்னாளில் பெரு நாட்டின் செனட்டராக ஆகி, 1952வரை வாழ்ந்தார்.

இங்கே நம் கதை குறுக்கிடுகிறது. 1876இல் ஹென்றி விக்காம் அமேசானிலிருந்து லண்டனுக்குக் கொண்டுபோன ரப்பர் விதைகளின் வழியில் வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்கள் மலாயாவில் சரியாக 1910ஐ ஒட்டித்தான் பெருமளவில் பால் தரத் தொடங்கின. தோட்ட ரப்பர் மலிவாகவும் சீராகவும் வந்ததும் காட்டு ரப்பருக்கு விலை இல்லாமல் போயிற்று. புட்டுமாயோ போன்ற இடங்களின் ரப்பர் வியாபாரத்தை முடித்துவைத்தது கேஸ்மென்ட்டின் அறிக்கை மட்டுமல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் சீவிய பாலும்தான். அந்தத் தோட்டங்கள் சொர்க்கமாக இருக்கவில்லை. மலேரியாவும் கடனும் கங்காணியின் பிரம்பும் இருந்தன. மலாயாவில் இந்தியத் தொழிலாளர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறையை நிறுத்த முடிவானதும் அதே 1910இல்தான். இந்த ஆண்டுப் பொருத்தத்தைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

கேஸ்மென்ட்டின் கதை இதோடு முடிந்திருந்தால் அவருக்குப் பிரிட்டனில் சிலை இருந்திருக்கும். ஆனால், காங்கோ அவரை மாற்றிவிட்டிருந்தது. நிலத்தைப் பறிகொடுத்த மக்களைப் பார்த்தபோது தாம் ஓர் அயர்லாந்துக்காரர் என்பது நினைவுக்கு வந்ததாகப் பின்னாளில் ஒரு தோழிக்கு எழுதினார். 1904இலேயே ஐரிஷ் மொழியை மீட்கப் பாடுபட்ட சங்கத்தில் சேர்ந்தார். 1913இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டு இறுதியில் டப்ளினில் ஐரிஷ் தொண்டர் படையை அமைத்தவர்களில் ஒருவரானார். 1914 ஜூலையில் அதற்குப் பணம் திரட்ட அமெரிக்கா போனார். அவர் அங்கிருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது.

பிரிட்டனின் எதிரி அயர்லாந்தின் நண்பன் என்று கணக்குப் போட்டு, அக்டோபரில் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். அங்கே போர்க் கைதிகளாக இருந்த ஐரிஷ் சிப்பாய்களைத் திரட்டிப் படை அமைக்க முயன்றார். லிம்பர்க் முகாமில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அறுபது பேர்கூடச் சேரவில்லை. பலர் அவரை ஏசித் துரத்தினார்கள்.

இதைப் படிக்கும் மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு உடனே இந்திய தேசிய இராணுவம் நினைவுக்கு வரும். 1942இல் சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிடமும் இதே அழைப்பு வைக்கப்பட்டது. அங்கே ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள்; தோட்டத் தமிழர்களும் சேர்ந்தார்கள். என் வகுப்பில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. என்னைப் பொறுத்தவரை, கேஸ்மென்ட்டின் வாழ்க்கையில் மிகப் பலவீனமான பகுதி இது. காங்கோவில் யாரையும் நம்பாமல் தனிப் படகு எடுத்தவர், பெர்லினில் அரசாங்கத்தின் வாக்கை நம்பி உட்கார்ந்திருந்தார். பசியில் இருந்த கைதிகளிடம் விசுவாசத்தை மாற்றக் கேட்டதும் எனக்கு உவப்பாக இல்லை. அவரே போகப் போக ஜெர்மனியின்மேல் நம்பிக்கை இழந்தார்.

1916இல் அயர்லாந்தில் எழுச்சிக்கு நாள் குறித்தார்கள். ஜெர்மனி படை அனுப்பவில்லை. ஒரு கப்பலில் 20,000 துப்பாக்கிகளை அனுப்பியது. இது போதாது, எழுச்சி தோற்கும், இளைஞர்கள் வீணாகச் சாவார்கள் என்று கேஸ்மென்ட் பதறினார். அதைத் தள்ளிப்போடச் சொல்லும் எண்ணத்துடன் நீர்மூழ்கிக் கப்பலில் கிளம்பினார். ஏப்ரல் 21ஆம் தேதி, புனித வெள்ளியன்று விடியற்காலை, கெர்ரி மாவட்டத்தின் பன்னா கடற்கரையில் அவரும் இரு தோழர்களும் சிறு படகில் இறங்கினார்கள். அலையில் படகு கவிழ்ந்தது. நனைந்து, நடக்கத் தெம்பில்லாமல் ஒரு பழைய மண்கோட்டையில் ஒளிந்திருந்தவரைச் சில மணி நேரத்தில் போலீசார் பிடித்தார்கள். ஆயுதக் கப்பலைப் பிரிட்டிஷ் கடற்படை மடக்க, அதன் மாலுமிகளே அதை மூழ்கடித்தார்கள். மூன்று நாள் கழித்து டப்ளினில் எழுச்சி வெடித்தது. ஒரு வாரத்தில் ஒடுக்கப்பட்டது.

ஜூன் இறுதியில் லண்டனில் தேசத்துரோக வழக்கு. 1351ஆம் ஆண்டுச் சட்டம் பயன்பட்டது. பழைய நார்மன் பிரெஞ்சில் எழுதிய அந்தச் சட்டம், நாட்டுக்கு வெளியே செய்யும் துரோகத்துக்கும் பொருந்துமா என்பதுதான் வாதம். ஒரு காற்புள்ளி எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். நீதிபதிகளில் சிலர் மூலச் சுவடியைப் போய்ப் பார்த்தே வந்தார்கள். காற்புள்ளியால் தூக்கிலிடப்பட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வது இதனால்தான். தம்மை ஆங்கிலேயர் அல்ல, அயர்லாந்துக்காரர்களே விசாரிக்க வேண்டும் என்று கேஸ்மென்ட் நீதிமன்றத்தில் வாதிட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. சர் பட்டம் பறிக்கப்பட்டது.

கருணை மனுக்கள் எழுந்தன. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய ஆர்தர் கோனன் டாயில் முன்னின்றார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் அமைப்பு ஒன்று, காங்கோ மக்களுக்கு அவர் செய்ததை நினைவூட்டி மன்னருக்கு வேண்டுகோள் அனுப்பியது. பழைய அறைத் தோழர் கான்ராட் கையெழுத்திட மறுத்தார். அந்த நேரத்தில் அதிகாரிகள் கேஸ்மென்ட்டின் அந்தரங்க நாட்குறிப்புகளிலிருந்து சில பக்கங்களைப் படியெடுத்து, பத்திரிகை ஆசிரியர்கள், அமெரிக்கத் தூதர் போன்றோரிடம் இரகசியமாகக் காட்டினார்கள். அவற்றில் அவர் ஆண்களோடு கொண்ட உறவுகள் பற்றிய குறிப்புகள் இருந்தன. அன்றைய சட்டத்தில் அது குற்றம். அந்த நாட்குறிப்புகள் போலி என்று அயர்லாந்தில் பலர் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 2002இல் நடந்த கையெழுத்து ஆய்வு அவை அவர் எழுதியவையே என்று கூறியது. இன்றும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. வழக்கில் சாட்சியமாகவே வைக்கப்படாத ஒன்றை, ஒருவருக்குக் கருணை கிடைக்காமல் செய்வதற்காக முதுகுக்குப் பின்னால் கைமாற்றியது எந்த வகை நீதி?

1916 ஆகஸ்டு 3ஆம் தேதி பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 51. சாவதற்கு முன் அம்மாவின் மதமான கத்தோலிக்கத்தில் முறைப்படி சேர்ந்துகொண்டார். உடலைச் சிறை வளாகத்திலேயே புதைத்தார்கள்.

சுதந்திர அயர்லாந்து அந்த உடலைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. 1965இல்தான் பிரிட்டன் இசைந்தது. வட அயர்லாந்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்று நிபந்தனை விதித்தது. மார்ச் 1ஆம் தேதி டப்ளினில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. 1916 எழுச்சியில் தாமே ஆயுதம் ஏந்திய அதிபர் ஏமன் டி வலேரா, 82 வயதில், உடல்நலம் குன்றியிருந்தும் மருத்துவர் பேச்சைக் கேட்காமல் கல்லறைக்கு வந்து நின்றார். தம்மை ஆன்ட்ரிம் கரையில், சிறு வயதில் தாம் சுற்றித் திரிந்த மர்லோ விரிகுடாவில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது கேஸ்மென்ட்டின் ஆசை. அந்த இடம் வட அயர்லாந்தில் இருக்கிறது. இன்றும் அவர் டப்ளின் கிளாஸ்நெவின் மயானத்தில்தான் இருக்கிறார்.